கோடு இல்லாத ஒன்பது அட்டைகள்

சென்னை அமெச்சூர் கம்ப்யூட்டர் கழகத்துக்கு ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், பட்டுத் துணியில் ஒரு கொடி, வழுவழுத் தாளில் அச்சடித்த பன்னிரண்டு பண்பாட்டு விதிகள் எல்லாம் உண்டு. கம்ப்யூட்டர் மட்டும் கிடையாது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் ஒரு கல்லூரி தன் மெஷினைத் திறந்துவிடும். புரோகிராமை அட்டைகளில் துளைகளாகப் போட்டுக் கொடுத்தால் அது படிக்கும். மற்ற ஆறு நாளும் ஆபீஸ் வேலைக்கு நடுவே காகிதத்தில் புரோகிராம் எழுதுவதும், எழுதியதை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக் கூடாது என்று கவலைப்படுவதும்தான் கழகப் பணி. உறுப்பினர்கள் பதினேழு பேர். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினாறு.

பதினேழாவது ஆளான கஸ்தூரிரங்கன் ரத்தம் போய்ச் செத்துக் கிடந்த மந்தைவெளி வீட்டு மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, அக்பர் பாஷா அந்த விதிப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

"கேளு அக்கா. 'பிறர் புரோகிராமை எடுத்த எடுப்பிலேயே கேட்கலாகாது. முதலில் பாராட்டுதல் வேண்டும்.' இது ஒண்ணு. 'கேட்பவர் வெற்று அட்டைகளைத் தாமே கொண்டுவருதல் வேண்டும்.' 'ஆசிரியர் நகல் மட்டுமே வழங்குவார். மூலக்கட்டு அவரிடமே இருக்கும்.' 'முதல் அட்டையிலுள்ள ஆசிரியர் பெயரை நீக்கலாகாது.' அப்பால இது ஷோக்கா கீது பாரு. 'இன்னும் சில பிழைகள் பாக்கி என்று ஆசிரியர் சொன்னால் அதை மறுப்பு எனக் கொள்க. இரண்டாம் முறை கேட்பது பண்பன்று.' பொண்ணு பாக்கப் போற எடத்துல கூட இவ்ளோ கண்டிஷன் கிடையாது."

"எழுதினது யாரு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"தலைவர் அய்யாதுரை, பி.இ., எம்.ஐ.இ., ரிட்டையர்டு சூப்பரின்டெண்டிங் எஞ்சினீயர், அடையாறு. பேருக்குப் பின்னாடி ரயில் பெட்டி மாதிரி வந்துகினே கீது."

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. தி. நகரில் அண்ணனுடைய பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள் அவள். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சைக் கேட்டவள். பொய் சொல்லப் போகிறவன் மூச்சு இழுக்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். பாஷா நாலு வருஷமாக அவளிடம் வேலை பார்க்கிறான். இதுவரை அவளிடம் ஒரு லீவுக்குக் கூடக் காரணம் சொல்லித் தப்பித்ததில்லை.

இந்தச் சாவுக்காக லாக்கப்பில் இருந்தவன் மெஹபூப் அலி. அந்தக் கல்லூரியில் அட்டைகளில் துளை போடும் பஞ்ச் ஆபரேட்டர். பட்டதாரி இல்லை என்பதால் கழகத்தில் உறுப்பினராக முடியாதவன். பதினாறு பட்டதாரிகளின் பிழைகளையும் சனிக்கிழமை தோறும் சத்தமில்லாமல் திருத்திக் கொடுப்பது மட்டும் அவனால் முடியும். சம்பவத்தன்று மாலை ஐந்தரைக்குக் கையில் ஒரு பெட்டியோடு அவன் இந்த வீட்டை விட்டுப் போனதை எதிர்வீட்டு அம்மாள் பார்த்திருக்கிறாள். அவன் வீட்டில் கஸ்தூரிரங்கனின் புரோகிராம் இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு அட்டைகள், ஒரு வரிக்கு ஓர் அட்டை. நாளை காலை அவனைச் சைதாப்பேட்டை கோர்ட்டுக்குக் கொண்டு போகிறார்கள். கொலைக் கேஸ்.

அவன் மனைவி அஸ்மத்துன்னிசா நேற்று துப்பறியும் நிலையத்துக்கு மாடியேறி வந்து அழாமல் ஒன்றே ஒன்று கேட்டாள். "அடிச்சாங்கன்னா கையில மட்டும் அடிக்க வேணாம்னு சொல்லுங்கம்மா. அவருக்குக் கைதான் வேல."

உள்ளே இருந்து பங்கஜம் வந்தாள். கஸ்தூரிரங்கனின் மனைவி. ஏழு நாளில் ஏழு வயசு கூடியிருந்தது.

"அந்த மெஹபூபுக்கு ஒரு நகல் குடுத்திருக்கேன்னு அவர் என்கிட்டயே சொன்னார். போலீஸ்லயும் சொன்னேன். உங்க எதிர்ல குடுத்தாரான்னு கேட்டா. என் எதிர்ல குடுக்கலையே, நான் என்ன சொல்ல?"

"மூலக்கட்டு எங்கே இருக்கும்மா?"

"அதைத்தான் காணோமே. மாடி ரூம்லதான் வெச்சிருப்பார், பெட்டியோட. யாரையும் தொட விடமாட்டார். கீழ விழுந்து கலைஞ்சா அடுக்கணுமேன்னு, கட்டோட தலைமேல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குக் குறுக்கா ஒரு கோடு போட்டுக்கணும்னார். இங்கி ஊறிப் போறதுன்னார். நான்தான் நெத்திக்கு இட்டுக்கற என் சாந்து பாட்டிலை எடுத்துண்டு வந்து போட்டுக் குடுத்தேன்."

அதாவது ஒவ்வோர் அட்டையின் விளிம்பிலும் ஒரு சிவப்புப் புள்ளி. முதல் அட்டையில் இடது ஓரத்தில், அடுத்ததில் அதற்கு ஒரு நூல் தள்ளி, கடைசியில் வலது ஓரத்தில். சிதறினாலும் புள்ளிகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் கோடு திரும்பிவிடும், கட்டும் ஒழுங்காகிவிடும்.

"இன்னொண்ணு," என்றாள் பங்கஜம். "நான் வந்து பார்த்தப்போ இந்த ரெண்டாவது படியில பேப்பர் விரிச்சிருந்தது. உக்காந்து படிச்சிருப்பார்ன்னா போலீஸ்காரா. எங்காத்துக்காரர் பேப்பர் மேல உக்கார மாட்டார். படிக்கறது மேல கால் கூடப் படப்படாதும்பார்."

தங்கபுஷ்பம் அந்த இரண்டாவது படியை வெகுநேரம் பார்த்தாள். கீழே, தலை கிடந்த இடம் இரண்டடி தூரம்.

"நீங்க எப்போ வந்தீங்க?"

"எட்டு மணிக்கு. பக்கத்தாத்துல டி.வி.யில ஞாயித்துக்கிழமை சினிமா. தெருவே அங்கதான் இருந்தது. அரை மணிக்குள்ள கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பார்ன்னார் டாக்டர்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் சினிமா பார்த்துண்டிருந்தேன்."

பாஷாவுக்குத் தொண்டையில் வந்த வார்த்தையைத் தொண்டையிலேயே வைத்துக்கொள்ளத் தெரியும், என்றாவது ஒருநாள். இன்று அந்த நாள். வேறெங்காவது பார்ப்போம் என்று மேஜை மேல் கிடந்த அன்றைய பேப்பரைப் பார்த்தான். நாலாம் பக்கத்தில் டையும் கோட்டுமாக ஒரு முகம். மெட்ராஸில் எங்கிருந்து எங்கு போனாலும் எத்தனை பஸ் மாற வேண்டும் என்று நொடியில் சொல்லும் புரோகிராமைத் தாமே உருவாக்கிய அடையாறு அறிஞர் அய்யாதுரை, நாளை டெல்லி மாநாட்டில் உரையாற்ற இன்று மாலை விமானத்தில் புறப்படுகிறார்.

"அம்மா," என்றான் பாஷா. "ஐயா எழுதின புரோகிராம் இன்னா பண்ணும்?"

"எந்த இடத்துலேர்ந்து எந்த இடத்துக்குப் போனாலும் எத்தனை பஸ் மாறணும்னு சொல்லும்," என்றாள் பங்கஜம்.

இன்ஸ்பெக்டர் சண்முகவேலுக்கும் தங்கபுஷ்பத்துக்கும் ஒரே ஊர்ப்பக்கம். அதனால் அவர் அவளை ஸ்டேஷனில் உட்காரச் சொன்னார், அதற்கு மேல் எதுவும் சொல்லத் தயாராக இல்லை.

"பங்கஜம் அம்மா சொல்றது அனுதாபம். நான் பாக்கறது சாட்சி. பட்டதாரிகளுக்கே கொடுக்காத சாமானை ஒரு ஆபரேட்டருக்கு எவன் கொடுப்பான்? கழகத் தலைவரே லெட்டர்பேடில எழுதி அனுப்பியிருக்காரு. இந்த ஆளு ரொம்ப நாளா மரியாதை இல்லாம கேட்டுக்கிட்டே இருந்தானாம்."

"தலைவரை நேர்ல பாத்தீங்களா, அண்ணாச்சி?"

"பெரிய மனுசன். லெட்டர் போதாதா?"

தங்கபுஷ்பம் மேஜை மேலிருந்த மெஹபூபின் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். "பஞ்ச் மெஷின்ல கையால அடிச்சா, துளைக்கு மேல அந்த எழுத்தும் சின்னதா அச்சாகும். இதுல எழுத்தே இல்ல, துளை மட்டும். அட்டையை அட்டையா வெச்சு நகல் எடுக்கற மெஷின்ல எடுத்தது. சாந்துக் கோடும் இல்ல. இது மூலக்கட்டு இல்ல."

"திருடி, நகல் எடுத்துட்டு, மூலத்தை வித்துட்டான்."

"அப்ப வாங்கினவரைப் போய்ப் பாப்போம். அதே புரோகிராமைத் தன்னோடதுன்னு இன்னைக்குப் பேப்பர்ல போட்டிருக்காரு உங்க தலைவரு. சாதா உடுப்பில வாங்க. இந்தப் பெட்டியையும் எடுத்துக்கோங்க. ஒரு மணி நேரம். சாயங்காலம் விமானம் ஏறிட்டாருன்னா, நாளைக்குக் கோர்ட்ல நிக்கற தப்பு உங்க தப்பு."

சண்முகவேல் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

அடையாறு வீட்டின் கூடத்தில் அய்யாதுரை எட்டு இடத்தில் இருந்தார். ஏழு, சட்டம் போட்ட போட்டோக்களில். எட்டாவது, வெள்ளைப் பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாகச் சோபாவில். பக்கத்தில் பூட்டிய சூட்கேஸ். முக்காலி மேல் மூடி திறந்த அட்டைப் பெட்டி.

தங்கபுஷ்பம் விதிப்படியே ஆரம்பித்தாள். பாராட்டினாள். பேப்பரில் பார்த்ததாகவும், அண்ணனுடைய வியாபாரத்துக்கு உதவுமென்றும், ஊரே தலைவரைப் பற்றித்தான் பேசுகிறதென்றும் சொன்னாள். பிறகு, "அந்தப் புரோகிராமை ஒரு தடவை பாக்கலாங்களா? வெற்று அட்டையும் கொண்டாந்திருக்கோம்," என்று இன்ஸ்பெக்டர் மடியில் இருந்த பெட்டியைக் காட்டினாள்.

"பண்பு தெரிந்த பெண்மணி," என்றார் அய்யாதுரை. "அறிவு என்பது பொதுச் சொத்து அம்மா. மேடை தோறும் சொல்லி வருகிறேன். பூட்டி வைப்பவன் சமூக விரோதி. ஆனால்..." சற்று இருமினார். "இன்னும் சில பிழைகள் பாக்கி இருக்கின்றன."

"பொதுச் சொத்துக்குத் திண்டுக்கல் பூட்டு," என்று பாஷா சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"தாங்களே எழுதினதுங்களா?"

"ஆறு மாதத் தவம். ஒவ்வோர் அட்டையும் என் குழந்தை."

குழந்தைகளைப் பார்க்க பாஷா குனிந்தான். முழங்கை அல்லா கொடுத்தது. அதை எப்போது உபயோகிப்பது என்பது அவனாகக் கற்றுக்கொண்டது. பெட்டி முக்காலியிலிருந்து சரிந்து, முன்னூற்றுப் பன்னிரண்டு அட்டைகளும் மொசைக் தரையில் விசிறியாகப் பரவின.

தங்கபுஷ்பம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தொடாதே," என்று அய்யாதுரை கத்தினார். மேடைத் தமிழ் அதோடு போயிற்று. "யாரும் தொடாதீங்க. ஒண்ணு தவறினாலும் ஓடாது. ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தமும் குப்பை. இங்கேயே அடுக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் செய்த முதல் காரியம் மூன்று பேரும் எதிர்பாராதது. சோபாவிலிருந்த பேப்பரை எடுத்துத் தரையில் விரித்தார். வெள்ளைப் பேண்ட்டை இரு விரலால் தூக்கிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

பாஷா தங்கபுஷ்பத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

அடுக்கினார். நல்ல வேகம். அட்டையில் இருந்ததைப் படிக்கவே இல்லை. விளிம்பைத்தான் பார்த்தார், புள்ளி புள்ளியாக. சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வளர்ந்தது. வீட்டு வேலைக்காரப் பெண் இரண்டு முறை காப்பி கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டையும் குடித்தார். கடைசியில் கட்டு ஏறக்குறைய முழுசாக நின்றது. அதன் தலையில் முதல் அட்டை: அய்யாதுரை என்று பெயர் அடித்தது. அதில் புள்ளி இல்லை.

அவர் கையில் மேலும் ஒன்பது அட்டைகள் மிச்சம் இருந்தன. அவற்றிலும் புள்ளி இல்லை.

ஒன்பதையும் சீட்டாட்டக்காரன் போல விரித்துப் பார்த்தார். ஒன்றைக் கட்டின் நடுவே செருகினார், உருவினார், வேறிடத்தில் செருகினார். நெற்றி வேர்த்தது. பிறகு எழுந்து, சாவி தேடி, சூட்கேஸைத் திறந்து, புரோகிராம் வரிகளை அச்சடித்த லிஸ்டை எடுக்கப் போனார்.

"சொந்தப் புள்ளைங்க பேரு சொல்றதுக்கு ரேஷன் கார்டைத் தேடறாரே," என்றான் பாஷா.

"இருங்க," என்றாள் தங்கபுஷ்பம். "அண்ணாச்சி, பெட்டியைத் திறங்க."

சண்முகவேல் மெஹபூபின் கட்டை வெளியே எடுத்தார். அதிலுள்ள முதல் அட்டையைத் தங்கபுஷ்பம் எடுத்து, அய்யாதுரையின் முதல் அட்டையோடு சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. ஒன்றின் துளையை மற்றது அடைத்தது. இரண்டிலும் வேறு வேறு பெயர்.

"இது எதுக்கு மாத்தினீங்கன்னு எனக்குப் புரியுது. பேப்பர்ல போட்டிருக்கே."

பிறகு அந்த ஒன்பதில் ஒன்றை வாங்கி, மெஹபூபின் கட்டில் அதே மாதிரித் துளை உள்ள அட்டையைத் தேடிச் சேர்த்துப் பிடித்தாள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் வந்தது. ஒன்று கூட மறைக்கவில்லை. அடுத்தது. அதுவும் அப்படியே. ஒன்பதும் அப்படியே.

"பாஷா, ஒரு அட்டையை எதுக்கு மாத்துவாங்க?"

"எழுதினது தப்பாயிருந்தா மாத்துவாங்க."

"இதுல ஒரு துளை கூட மாறல. அங்கொண்ணு இங்கொண்ணா ஒன்பது அட்டையைத் தேடி எடுத்து, இருந்ததையே திரும்ப அடிச்சிருக்காரு. அப்ப துளையில கோளாறு இல்ல. அட்டை மேலதான் என்னமோ இருந்திருக்கு. வெளியில காட்ட முடியாத எதுவோ."

பாஷா தரையில் கிடந்த கட்டையும் அதன் மேல் ஓடிய சிவப்புக் கோட்டையும் பார்த்தான். மந்தைவெளி மாடிப்படி நினைவுக்கு வந்தது.

"சிவப்பா இருந்திருக்கும்," என்றான் மெல்ல. "ஆனா சாந்து இல்ல."

சண்முகவேல் எழுந்து நின்று தாம் யார் என்று சொன்னார். அய்யாதுரை உட்கார்ந்தார், இந்த முறை பேப்பர் விரிக்காமல்.

"நான் தள்ளலை. சத்தியமா தள்ளலை. ஆறு மணி இருக்கும். கேட்டேன். பிழை பாக்கி இருக்குன்னார்."

"அது மறுப்புன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"டெல்லிக்குப் பேரு கொடுத்தாச்சு. திரும்பவும் கேட்டேன். மெஹபூபுக்குக் குடுத்திருக்கேன், அவர் மொதல்ல அட்டை கொண்டுவந்து கேட்டார், நீங்க மேடையில பேசிட்டு வந்து கேக்கறீங்கன்னார். ஒரு பஞ்ச் ஆபரேட்டருக்கு. என்கிட்ட இல்லைங்கறார். மாடிப்படியில நின்னுட்டிருந்தோம். பெட்டியைப் பிடிச்சு இழுத்தேன். அவரும் விடலை. அட்டை கொட்டிச்சு. அவரும் விழுந்தார்."

"உயிரோட இருந்தாரு."

அய்யாதுரை தரையில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"ஒரு அட்டை குறைஞ்சாலும் ஓடாது," என்றாள் தங்கபுஷ்பம். "நாளைக்குத் திரும்பி வந்து தேட முடியாது. அதனால அங்கேயே அடுக்கிப் பாக்கணும். படியில பேப்பர் விரிச்சு உக்காந்தீங்க, அவருக்கு ரெண்டடி தூரத்துல." கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். "இப்போ உங்களுக்கு நாப்பத்தோரு நிமிஷம் ஆச்சு. டாக்டர் சொன்னது அரை மணி. உங்க புரோகிராமையே கேட்டிருக்கலாம். மந்தைவெளியிலேர்ந்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். மாறவே வேண்டாம்."

"அவர் சம்மதிச்சார்," என்றார் அய்யாதுரை திடீரென்று. முகத்தில் ஒரு தெளிவு. தனக்குச் சாதகமாக ஒரு விதி அகப்பட்ட மனிதனின் தெளிவு. "அதை யாரும் கேக்கலை. எல்லாம் அடுக்கினப்புறம் ஒண்ணு குறைஞ்சுது. தேடறேன், கிடைக்கலை. அவரே கையைத் தூக்கிக் காட்டினார். வாசல் பக்கம். போய்ப் பாத்தா, கதவோரமா அந்த அட்டை கிடக்கு. அவரே எடுத்துக் குடுத்த மாதிரிதானே? குடுக்க மனசில்லாதவர் எதுக்குக் காட்டணும்?"

அந்த வாசலைப் பாஷா காலையில்தான் பார்த்தான். கதவைத் திறந்தால் இரண்டு எட்டில் பக்கத்து வீடு. டி.வி. இருக்கிற வீடு. தெருவே உட்கார்ந்திருந்த வீடு.

சண்முகவேல் அய்யாதுரையின் தோளைத் தொட்டு எழுப்பினார். போகும்போது தங்கபுஷ்பத்திடம், "காலையில மெஹபூபை அனுப்பிடறேன்," என்றார். அவள் கேட்பதற்கு முன்பே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கையில யாரும் அடிக்கல," என்றும் சொன்னார்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை இருவரும் நடந்தார்கள்.

"நீ ராயப்பேட்டைக்குப் போ," என்றாள் தங்கபுஷ்பம். "அஸ்மத்துன்னிசாகிட்ட மொதல்ல சொல்லு. நான் மந்தைவெளிக்குப் போறேன்."

பாஷா நகரவில்லை. "அக்கா. பங்கஜத்தம்மா கேப்பாங்களே. கடைசியில இன்னா பண்ணாருன்னு. அவரு கைய நீட்டினது வாசலுக்கு அக்கா. அவங்களக் கூப்புட்டுக்கினு கீறாரு. அந்தப் பாவி அத அட்டைன்னு..."

"தெரியும்."

"கோர்ட்ல எல்லாம் வரும்."

"கோர்ட்ல அவன் சொன்னதுதான் வரும்." அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. "அந்தம்மா சினிமா பாத்துக்கிட்டிருந்தாங்க, பாஷா. ரெண்டு எட்டு தூரத்துல."

பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் அவள் திரும்பினாள்.

"அட்டையைத்தான் காட்டினாருன்னு சொல்லிடறேன்."